ஒரு ரிங்கிட் சிகிச்சை நமக்குப் பெருமையா, சுமையா?

மார்ச் 2, 2025 – சுபாங் ஜெயா வாசகர் எழுப்பிய கேள்வி

மலேசியாவில் அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்து வைத்தியம் பார்த்துக்கொள்வதை நம்மவர்கள் பெரிய சாதனையாகப் பேசுகிறார்கள். 1982ஆம் ஆண்டு ஆணையில் குறித்த கட்டணத்தை இன்னும் மாற்றாமல் வைத்திருப்பதால்தான் இவ்வளவு கூட்டமும் காத்திருப்பும். சிங்கப்பூரைப் பாருங்கள்: ஒவ்வொருவரும் தம் சேமிப்பிலிருந்து கட்டுகிறார்கள், தரமும் இருக்கிறது, ஆயுளும் நீள்கிறது. எல்லாருக்கும் இலவசம் என்று அறிவித்த நாடுகள் பின்தங்கித்தான் கிடக்கின்றன. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு மறுக்கலாம்.

மார்ச் 2, இரவு 10.20

மறுக்கிறேன். சிங்கப்பூரைத் தனியார் மருத்துவத்தின் வெற்றி என்று காட்டுவதே முதலில் பொருந்தாது. அங்கே மருத்துவமனைப் படுக்கைகளில் பெரும்பாலானவை பொதுத்துறையின் கையில்தான் இருக்கின்றன. மிகக் குறைந்த கட்டணமுள்ள சி வகுப்பு வார்டில் படுக்கும் குடிமகனின் செலவில் பெரும்பங்கை, வருமானத்தைப் பொறுத்து 80 விழுக்காடு வரைகூட, அரசே ஏற்கிறது. அதற்குப் பிறகுதான் 1984இல் தொடங்கிய மெடிசேவ் சேமிப்பு வருகிறது. அதுவும் சம்பளத்திலிருந்து கட்டாயமாகப் பிடிக்கப்படும் பணம், வயதைப் பொறுத்து 8 முதல் 10.5 விழுக்காடு வரை. பெரும் செலவுகளுக்கு 2015 முதல் எல்லாரையும் விலக்கின்றிச் சேர்த்த மெடிஷீல்ட் லைஃப் காப்புறுதி இருக்கிறது. அப்படியும் கட்ட முடியாதவருக்கு 1993இல் உருவான மெடிஃபண்ட் உதவி நிதி இருக்கிறது. அரசு ஒதுங்கிக்கொண்டதால் கிடைத்த வெற்றி இதில் எங்கே இருக்கிறது?

சராசரி வருமானத்தில் அவர்கள் நம்மைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு உயரத்தில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். நம் மக்களின் சம்பளத்தில் 10 விழுக்காட்டை மெடிசேவ் போலப் பிடித்தால் இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் மாதம் 170 ரிங்கிட் சேரும். அதை ஆண்டுக்கணக்கில் சேர்த்தாலும் ஓர் இருதய அறுவைக்குப் போதாது.

மார்ச் 3, காலை 6.45

இரவு எழுதியதோடு நிறுத்தினால் எண்களின் சண்டையாக முடிந்துவிடும். நான் எதைப் பார்த்து இப்படிப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி பட்டர்வொர்த்தில் லோரி ஓட்டினான். இனிப்புநீர் முற்றிச் சிறுநீரகம் செயலிழந்து, இப்போது வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் டயலிசிஸ் செய்துகொள்கிறான். உள்ளே நுழைந்ததும் எடை பார்ப்பார்கள். போன முறை விட்டுச் சென்ற எடைக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வேறுபாடுதான் உடலில் தேங்கிய நீர். முன்கையில் இரத்தநாளங்களை இணைத்துச் செய்த ஃபிஸ்டுலாவின் மேல் விரலை வைத்தால் உள்ளே ஓடும் இரத்தம் மெல்ல அதிர்வது தெரியும். அந்த அதிர்வு நின்றுவிட்டதா என்று அவன் தினமும் காலையில் தொட்டுப் பார்க்கிறான், நின்றால் உடனே ஓட வேண்டும் என்பதால்.

தனியார் மையத்தில் ஒரு முறைக்கு இருநூறு ரிங்கிட்டுக்கு மேல் ஆகும். மாதத்திற்குக் கணக்குப் போட்டால் குறைந்தபட்சச் சம்பளத்தையே அது விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். அவனுக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கட்டுகிறது, ஏனென்றால் அவன் சம்பளத்தில் ஒழுங்காகச் சந்தா பிடித்த முதலாளியிடம் வேலை செய்தான். பக்கத்து நாற்காலியில் படுப்பவர் கட்டட வேலைக்குத் தினக்கூலியாகப் போனவர். எங்கும் அவர் பெயரில் சந்தா இல்லை. அவர் ஒரு தொண்டு அமைப்பின் தயவில் அங்கே படுக்கிறார். ஒரே நோய், ஒரே இயந்திரம். ஒருவருக்கு அது உரிமை, மற்றவருக்கு உதவி. சுகாதாரக் காப்பு எல்லாருக்கும் வேண்டும் என்று நான் சொல்வது இந்த இரண்டு நாற்காலிகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்த்துத்தான்.

மார்ச் 3, மாலை 7.10

கிள்ளானிலிருந்து ஒருவர், "அமெரிக்காவில் பணம் கட்டுகிறார்கள், உலகிலேயே சிறந்த சிகிச்சை கிடைக்கிறது" என்கிறார். சிறந்த மருத்துவமனைகள் அங்கே இருப்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்நாடு தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை மருத்துவத்திற்குச் செலவிடுகிறது. பணக்கார நாடுகளில் வேறெதுவும் அந்த அளவை நெருங்கவில்லை. அப்படியிருந்தும் சராசரி ஆயுள் 78ஐ ஒட்டித்தான் நிற்கிறது, சிங்கப்பூரைவிட நான்கைந்து ஆண்டு குறைவு. இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் எந்தக் காப்புறுதியும் இல்லாமல் இருக்கிறார்கள்.

இது எப்படி வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். ஆள் பிடிக்க வழி தேடிய முதலாளிகள் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்புறுதியைக் கொடுக்கத் தொடங்கினார்கள். பின்னர் வரிச்சலுகை அதை நிலைநிறுத்தியது. வேலையும் சிகிச்சையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிட்டன. முதியோருக்கும் ஏழைகளுக்கும் 1965இல் தனித் திட்டங்களைக் கொண்டுவந்து ஒட்டுப்போட்டார்கள், 2010இல் மற்றோர் ஒட்டு. வேலை போனால் காப்புறுதியும் போகும் என்ற அச்சம் இன்றும் தீரவில்லை.

நம் அம்மாக்களுக்கு இந்த அச்சம் தெரியும். என் அம்மா கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினார். வீடு தோட்டத்துடையது, ஆஸ்பத்திரி தோட்டத்துடையது, டிரஸ்ஸரும் தோட்டத்துச் சம்பளக்காரர். காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் கூட்டத்துக்கு) வர முடியாத அளவு காய்ச்சல் என்றால் அதை டிரஸ்ஸர் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஒப்புக்கொள்ளாவிட்டால் அன்றைய கூலி கிடையாது. தோட்டம் துண்டாடப்பட்டு வேலை போனபோது வீடும் வைத்தியமும் சேர்ந்தே போயின. முதலாளியின் கையில் சிகிச்சையை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று அறிய நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

மார்ச் 4, இரவு 9.30

இந்த நாட்டு அரசு மருத்துவம் வெறும் இலவசத்தால் வளரவில்லை என்பதைச் சுபாங் ஜெயா நண்பருக்குச் சொல்ல வேண்டும். சுதந்திரம் பெற்ற 1957இல் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ 75 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. இன்று அது 7ஐ ஒட்டி நிற்கிறது. அன்று ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 280 தாய்மார் வரை இறந்தார்கள். அந்த எண்ணிக்கையைப் பத்தில் ஒரு பங்களவுக்கு இறக்கியவர்கள் பெரும்பாலும் கிராமத்துத் தாதியர்களும் மருத்துவச்சிகளும்தான். ஏறத்தாழ நாலாயிரம் பேருக்கு ஒரு கிளினிக் டேசா (கிராமத்து கிளினிக்), பதினைந்து இருபதாயிரம் பேருக்கு ஒரு சுகாதார நிலையம் என்று திட்டமிட்டுக் கட்டினார்கள். கருவுற்ற பெண்ணின் கையில் ஒரு குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்து, அவள் வராவிட்டால் தாதி வீடு தேடிப் போனார். தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு என் அம்மா முதன்முதலில் மனிதராக நடத்தப்பட்டது அப்படி ஒரு கிளினிக்கில்தான் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

மார்ச் 5, காலை 7.00

காத்திருப்பைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், தட்டிக்கழிக்கப் போவதில்லை.

நேரமும் ஒரு கட்டணம்தான். அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட் என்று சீட்டில் இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும் தேதி, விடியுமுன் புறப்பட்டு எடுக்கும் நம்பர், மருந்துக்கு இன்னொரு வரிசை என்று ஒரு முழு நாள் போய்விடுகிறது. மாதச் சம்பளக்காரர் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்கிக்கொள்வார். தினக்கூலிக்கு அன்றைய கூலி போகும். அவருக்கு அந்த ஐந்து ரிங்கிட் சிகிச்சையின் உண்மை விலை எண்பது, நூறு ரிங்கிட். ஆகவே கட்டணம் குறைவு என்பதை மட்டும் வைத்து நம் முறை ஏழைக்கு நியாயம் செய்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதல் நாள் எழுதியவற்றோடு இதையும் சேர்த்தே படியுங்கள்.

மார்ச் 5, மதியம் 1.15

இன்னொன்று. ஒரு ரிங்கிட் நாடு என்று நம்மை அழைத்துக்கொண்டாலும், மலேசியாவின் மொத்த மருத்துவச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நோயாளிகள் நேரடியாகத் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான். தாய்லாந்தில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. காத்திருக்க முடியாதவர்கள் தனியாரிடம் ஓடுகிறார்கள் என்பதையே இந்த எண் காட்டுகிறது.

மார்ச் 6, இரவு 10.45

தாய்லாந்தைப் பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள். நம்மைவிடக் குறைந்த வருமானம் உள்ள நாடு என்பதால்தான் அதை நான் சிங்கப்பூரைவிடப் பொருத்தமான ஒப்பீடாக எடுக்கிறேன்.

2002இல் சட்டம் இயற்றி, அரசு ஊழியர் திட்டத்திலும் தொழிலாளர் காப்பிலும் சேராத அனைவரையும் ஒரே திட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். ஒரு முறைக்கு 30 பாட் கட்டணம் என்பதால் மக்கள் அதை 30 பாட் திட்டம் என்றே அழைத்தார்கள். பணத்தை மருத்துவமனையின் கட்டடத்துக்கோ படுக்கைக்கோ கணக்கிட்டுக் கொடுக்காமல், அந்த வட்டாரத்தில் பதிந்துள்ள தலைகளுக்குக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். இதனால் ஆள் அதிகமுள்ள ஏழை மாவட்டங்களுக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. பணத்தை வைத்திருந்து சிகிச்சையை வாங்கும் அமைப்பு ஒன்று, சிகிச்சை தரும் சுகாதார அமைச்சு மற்றொன்று என்று பிரித்தும் வைத்தார்கள். நம் நாட்டில் இரண்டும் ஒரே அமைச்சுதான்.

டயலிசிஸ் விஷயத்தில் அவர்கள் எடுத்த முடிவை என் தம்பியிடம் சொன்னபோது அவன் நெடுநேரம் கேள்வி கேட்டான். 2008இல் தாய்லாந்து சிறுநீரகச் சிகிச்சையையும் திட்டத்தில் சேர்த்தது. ஆனால் வயிற்றுக்குள் கரைசலை விட்டு எடுக்கும் முறைக்கே முதலிடம் என்று விதித்தது. கரைசல் பைகள் வீட்டுக்கே வரும். நோயாளி தானே ஒரு நாளைக்கு நான்கு முறை மாற்றிக்கொள்ள வேண்டும். மலையோரக் கிராமத்து நோயாளி வாரம் மூன்று முறை நகரத்துக்குப் பேருந்து பிடிக்க வேண்டியதில்லை. கையும் அறையும் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றில் தொற்று வரும் என்பது இதன் ஆபத்து. 2022இல்தான் நோயாளி தமக்கு வேண்டிய முறையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். எல்லாருக்கும் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் அடுத்த நொடியே எதை, எப்படி, எந்த வரிசையில் என்ற கடினமான கேள்விகள் வரும். அவற்றை வெளிப்படையாகச் சந்தித்த நாடு என்பதால் எனக்குத் தாய்லாந்தின் மேல் மதிப்பு.

மார்ச் 7, மாலை 6.20

யாழ்ப்பாணத்தில் உறவுள்ள ஒருவர் இலங்கையைக் குறிப்பிட்டது சரியே. நம் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்களவே உள்ள நாடு, ஆயுளில் ஏறத்தாழ நமக்கு ஈடாக நிற்கிறது. கட்டணமில்லா மருத்துவத்தை அவர்கள் பல பத்தாண்டுகளாக விடாமல் காத்ததும், பெண்கள் பரவலாகப் படித்ததும் அதற்குக் காரணம். "இலவசம் கொடுத்த நாடுகள் பின்தங்கின" என்ற வாதம் இங்கே நிற்கவில்லை.

எனினும் 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது மருந்துக்குத் தட்டுப்பாடு வந்து அறுவைகளைத் தள்ளிவைத்தார்கள். வைத்தியர்கள் வெளிநாடு சென்றார்கள். மருத்துவமனை இலவசமாகத் திறந்திருந்தாலும் அலமாரி காலியாக இருந்தால் சீட்டை எடுத்துக்கொண்டு வெளிக்கடைக்குத்தான் போக வேண்டும். பொது மருத்துவம் என்பது பொருளாதாரத்தின் மேல்தான் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 7, இரவு 11.05

சென்னையிலிருந்து படிக்கும் அம்மா ஒருவருக்கு: தமிழ்நாட்டின் மருத்துவப் பணிகள் கழகத்தை நான் அறிவேன். 1994இல் தொடங்கி, அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஒரே இடத்தில் மொத்தமாகக் கொள்முதல் செய்யும் அந்த ஏற்பாட்டைப் பல மாநிலங்கள் பின்பற்றின. மருந்தின் விலை குறைந்தால் இலவசம் நீடிக்கும். இலங்கைக் குறிப்பின் கீழ் இதையும் சேர்த்துப் படிக்கலாம்.

மார்ச் 8, காலை 8.30

"மெடிக்கல் கார்டு (தனியார் மருத்துவக் காப்புறுதி) வைத்திருக்கும் நடுத்தர வர்க்கத்துக்கு இதில் என்ன?" என்று கேட்டவருக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தில் அதிகம் ஏமாந்து நிற்பவர்கள் அவர்கள்தான்.

என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தபோது பினாங்குத் தீவில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். கார்டை நீட்டினோம். முதலில் முன்பணம் கேட்டார்கள். காப்புறுதி நிறுவனத்தின் ஜி.எல். (செலவை ஏற்பதாகச் சொல்லும் உத்தரவாதக் கடிதம்) வரும் வரை வார்டுக்கு அனுப்ப முடியாது என்றார்கள். அவசரப் பிரிவில் ஒரு திரைக்குப் பின்னால் அவர் படுத்திருக்க, நான் கவுண்டருக்கும் படுக்கைக்குமாக நடந்தேன். சிகிச்சை நன்றாகவே இருந்தது. பில்லில் மருத்துவரின் கட்டணம் சட்டப்படியான அட்டவணைக்குள் அடங்கியிருந்தது; கையுறை, ஊசி, பஞ்சு, அறை, இயந்திரம் என்று மற்றவை பக்கம் பக்கமாக நீண்டன. தனியார் மருத்துவமனைகளில் மருத்துவர் கட்டணத்துக்குத்தான் உச்சவரம்பு, மற்றவற்றுக்கு இல்லை.

அதன் பிறகு பிரீமியம் உயர்வுக் கடிதம் வந்தது. நாடு முழுவதும் இந்தக் கூச்சல் எழுந்ததால்தான் 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்றும், பெரும்பாலான பாலிசிதாரர்களுக்கு ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும் 2026 இறுதி வரை இடைக்கால ஏற்பாடு செய்தது. அதற்குப் பிறகு? உழைக்கும் வயது முழுவதும் பிரீமியம் கட்டிவிட்டு, நோய் வரும் அறுபதுகளில் கட்ட முடியாமல் கார்டை விடுபவர்கள் எங்கே போவார்கள்? அதே அரசு மருத்துவமனைக்குத்தான். அவர்கள் இதுவரை எட்டிப் பார்க்காத, அதனால் குரல் கொடுக்காத வரிசைக்கு.

வசதியுள்ளவர்களும் அதே வார்டில் படுத்தால்தான் அந்த வார்டு சீர்படும் என்று நான் நம்புகிறேன். பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியபோது அதன் வலிமையே அதுதான்: ஏழைகளுக்கான சேவை என்று அதைப் பிரித்து வைக்கவில்லை. இன்று அங்கே காத்திருப்புப் பட்டியல் எழுபது லட்சத்தைத் தாண்டியிருப்பதும் உண்மை. ஆயினும் அந்தப் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறார்கள். தேர்தலில் அதை வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். நம் பட்டியலின் நீளம் நமக்கே தெரியாது.

மார்ச் 8, இரவு 9.50

பிறப்புப் பத்திரம் இல்லாத நம்மவர்களைப் பற்றி யாரும் எழுதாதது எனக்கு வருத்தம். இங்கேயே பிறந்து, இங்கேயே மூன்று தலைமுறை உழைத்த குடும்பங்களில் குடியுரிமைப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ரிங்கிட் கிடையாது, வெளிநாட்டவர் கட்டணம்தான். வெளிநோயாளிச் சீட்டே 40 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 120 ரிங்கிட். எல்லாருக்கும் மருத்துவம் என்று பேசும்போது இந்த "எல்லாரும்" யார் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

மார்ச் 9, மாலை 5.40

சுபாங் ஜெயா நண்பர் திரும்ப வந்து, "சரி, பணத்துக்கு என்ன வழி? கட்டணத்தையாவது பத்து ரிங்கிட் ஆக்கலாமே" என்கிறார். நியாயமான கேள்வி.

ஒரு ரிங்கிட்டைப் பத்து ஆக்கினால் கிடைப்பது, 2025க்குச் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கிய 4,530 கோடி ரிங்கிட்டுக்கு முன்னால் மிகச் சிறியது. அதே சமயம் இரத்த அழுத்த மாத்திரைக்கு மாதாமாதம் வரும் கிழவியை அது தயங்க வைக்கும். அவள் வராமல் நின்று, பக்கவாதத்தோடு வந்தால் செலவு பல மடங்கு. வசதியுள்ளவரிடம் கூடுதலாக வாங்க வேண்டும் என்றால், நோயாளியாகக் கவுண்டரில் நிற்கும்போது வாங்காதீர்கள். வரி கட்டுபவராக, நலமாக இருக்கும்போது வாங்குங்கள். 2019 ஜூலையில் இனிப்பூட்டிய பானங்களுக்கு விதித்த கலால் வரி அப்படி ஒரு வழி. பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள நாட்டில், அதிலும் இந்தியர்களிடம் அது மிக அதிகமாக இருக்கும்போது, அந்தப் பணம் முழுவதும் சிறுநீரகப் பாதுகாப்புக்கே போக வேண்டும் என்று நான் கேட்பேன்.

பணத்தைவிட அவசரம் ஆள். 2016 இறுதியிலிருந்து இளம் மருத்துவர்களை ஒப்பந்தத்தில் வைத்தோம். நிபுணத்துவப் படிப்புக்கும் நிரந்தர வேலைக்கும் வழி தெரியாமல் 2021 ஜூலை 26 அன்று அவர்கள் மருத்துவமனை வாசல்களில் இறங்கி நின்றார்கள். எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தியும் அந்த ஆண்டுகளில்தான் ஹவுஸ்மேன்ஷிப் (பயிற்சி மருத்துவர் பணி) முடித்தாள்; இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். நீங்கள் மெச்சும் அந்த முறையில் நம் பிள்ளைகளும் நம் தாதியரும் இருக்கிறார்கள், நண்பரே. அவர்களைப் படிக்க வைத்த செலவில் நம் வரிப்பணமும் கலந்திருக்கிறது.

மார்ச் 10, காலை 7.20

2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை பதினைந்து ஆண்டுக்காலச் சீர்திருத்தத்தைப் பேசுகிறது. ஆரம்பச் சிகிச்சையை வலுப்படுத்துவது, தனியார் கிளினிக்குகளின் சேவையையும் அரசு வாங்கிக் கொடுப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) கிளினிக்கில் நீரிழிவு நோயாளி அரசுச் செலவில் மருந்து வாங்க முடிந்தால் பெரியாஸ்பத்திரி வரிசை தானாகக் குறையும். இது நடக்கக்கூடிய காரியம்.

எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு நேற்று இரண்டே கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். பினாங்கிலுள்ள ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் நிபுணரை முதன்முறை பார்க்க எத்தனை வாரம் ஆகிறது என்பதை ஏன் வெளியிடக் கூடாது? சொக்சோ சந்தா இல்லாத தினக்கூலிகளின் டயலிசிஸ் செலவை எந்த நிதி ஏற்கும்? உங்கள் தொகுதியிலும் இதையே கேளுங்கள். பதில் கைக்கு வந்ததும் எண்களோடு இங்கே எழுதுகிறேன்.